வேலூர் வெயிலில் முதல் ரீஃப் டேங்க்: ஆர்ஓ டிஐ யூனிட்டும் சில்லரும் எப்படி?

வேலூர் பக்கம் யாராவது வீட்டில் முதல் தடவையாக மெரைன் டேங்க் (கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணித் தொட்டி, பவளமும் வைத்தால் ரீஃப் டேங்க்) வைக்கப் போகிறேன் என்று சொன்னால் நான் கேட்பது இரண்டே கேள்விதான். உங்கள் வீட்டுத் தண்ணி டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவை, எத்தனை மில்லிகிராம்? மே மாதம் மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஹாலில் எத்தனை டிகிரி? மீன், லைட், கல், மணல் எல்லாம் அப்புறம். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் இரண்டு பொருள்களைத்தான் இங்கே விமர்சனம் செய்கிறேன். ஒன்று, தண்ணியில் கரைந்ததை எல்லாம் எடுக்கும் ஆர்ஓ டிஐ யூனிட். இன்னொன்று, டேங்க் தண்ணியைக் குளிர்விக்கும் சில்லர். மொத்தச் செலவில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குத்தான் போனது, அது சரியான செலவு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் டேங்க் பற்றி சுருக்கமாக. சத்துவாச்சாரியில் தரைத்தள வீடு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 190 லிட்டர், கீழே ஒரு சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி). தண்ணி, கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும், அதனால் மாடியில் வைப்பவர்கள் சுவரை ஒட்டி, கீழே பீம் போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். இதைவிடச் சின்னதாக ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணி குறைய குறைய சூடும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும், புதிதாக வைப்பவர்களால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

இப்போது தண்ணிக்கு வருவோம். எங்கள் வீட்டு போர் தண்ணியில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1200ஐ ஒட்டிக் காட்டும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 1996ல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம். நிலத்தடித் தண்ணியில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ரீஃப் டேங்கில் நத்தை, இறால், பவளம் எல்லாம் முதுகெலும்பு இல்லாத உயிர்கள். மீன் தாங்குகிற அளவு செம்புகூட அவற்றைக் கொன்றுவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்கிறோம்.

வீட்டில்தான் ஏற்கெனவே குடிக்கிற ஆர்ஓ இருக்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். அது போதாது. ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கலக்கும் அமைப்பு பெரும்பாலான மாடலில் இருக்கும், வெளியே வரும் தண்ணியில் 50, 80, சில வீட்டில் 100 காட்டும். கடல் தண்ணியிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும்போது இந்த 80 மில்லிகிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் டேங்க் தண்ணி ஆவியாகும்போது உப்பு டேங்கிலேயே தங்கிவிடுவதால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணி ஊற்றக் கூடாது. கோடையில் தினமும் 4 லிட்டர் ஊற்றினால், அந்த 80 கணக்கில் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் வேண்டாத பொருள் உள்ளே போகும், ஆவியாகி வெளியே வராது. அதில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருந்தால் மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் கட்டும், பின்னாலேயே பச்சைப் பாசி வரும், துடைத்துத் துடைத்துக் கை ஓயும்.

நான் வாங்கியது நாலு ஸ்டேஜ் யூனிட். அழுக்கு வடிகட்டி, கார்பன், பெரும்பாலான உப்பை நிறுத்தும் மெம்பரேன் (சவ்வு), கடைசியில் மிச்ச உப்பைப் பிடித்து, தீர்ந்தால் நிறம் மாறும் டிஐ ரெசின். தனியாக பூஸ்டர் பம்ப். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாயை ஒட்டி ஆனது. வெளியே வரும் தண்ணியில் மீட்டர் சுத்தமாக 000 காட்டுகிறது, அதைப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் மனசுக்கு அவ்வளவு திருப்தி.

பூஸ்டர் பம்பை விட்டுவிட்டு வாங்காதீர்கள். மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்ய 60 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் வேண்டும். மொட்டை மாடி டேங்கில் இருந்து இறங்கும் தண்ணிக்கு 10 மீட்டர் உயரம் இருந்தால்கூட 14 பிஎஸ்ஐதான் கிடைக்கும், நம் வீடுகளில் அந்த உயரமும் இருக்காது. அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் தண்ணி சொட்டுச் சொட்டாக வரும், கழிவு அதிகம் போகும், மெம்பரேனைத் தாண்டி வரும் உப்பும் கூடும். படத்தைக் காட்டி யூனிட்டை மட்டும் விற்கும் ஆன்லைன் கடைகள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொன்று, ரெசின் செலவு. நல்ல மெம்பரேன் நூற்றுக்கு 96 பங்கு உப்பை நிறுத்தும் என்று வைத்துக்கொண்டால், 1200 உள்ளே போனால் 48 ரெசினுக்கு வந்து சேரும். மேட்டூரில் இருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் குழாயில் 300 அளவில் காட்டுகிறது. அதே மெம்பரேனில் 12தான் மிச்சம். ரெசின் நாலு மடங்கு நாள் உழைக்கும். அதனால் கார்ப்பரேஷன் தண்ணி வரும் நாளில் பிடித்து வைத்து அதைத்தான் யூனிட்டுக்குக் கொடுக்கிறேன். அதில் குளோரின் இருக்கும், குளோரின் மெம்பரேனை அரிக்கும், எனவே கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு ஃபில்டரில் கஞ்சத்தனம் பார்த்தால் மெம்பரேனுக்குச் செலவு வைக்கும். கழிவுத் தண்ணி நல்ல தண்ணியைப் போல மூன்று மடங்காவது போகிறது. வீடு துடைக்க, பாத்ரூமுக்கு என்று குடத்தில் பிடித்துக்கொள்கிறோம். போர் தண்ணிக் கழிவைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு இன்னும் கூடியிருக்கும்.

கடல் தண்ணியையே கொண்டு வந்துவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். மெரினாவில் இருந்து இங்கே 140 கிலோமீட்டர். கரையோரத் தண்ணியில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும், மழைக்காலத்தில் உப்பும் குறைந்திருக்கும். வேண்டவே வேண்டாம். பூஜ்ஜியம் தண்ணியில் ரீஃப் உப்பைக் கலந்து, பம்ப் வைத்து ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டுகிறதா என்று பார்த்து ஊற்றினால் போதும். அந்தக் கருவியை 35க்கான திரவம் வைத்துச் சரிசெய்து வையுங்கள், வெறும் தண்ணியில் சரிசெய்தால் மேலே போகப் போகத் தப்பாகக் காட்டலாம்.

சரி, சில்லர். இந்த ஊரில் அது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவர்கள் அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் இருந்ததில்லை. ரீஃப் டேங்குக்கு 25, 26 டிகிரி வேண்டும். பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது, சூடு ஏறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். நம் மன்னார் வளைகுடாவிலேயே 2010லும் 2016லும் பெரிய அளவில் வெளுத்தது. ஒரு கடலுக்கே அந்தக் கதி என்றால் ஹாலில் இருக்கும் 190 லிட்டர் எம்மாத்திரம்?

ஃபேன் வைத்துச் சமாளிக்கலாம் என்று சென்னை நண்பர்கள் சொல்வார்கள். உண்மையில் ஃபேன் சென்னையைவிட வேலூரில்தான் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இங்கே கோடை வறண்ட சூடு, தண்ணி வேகமாக ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஹாலே 36ல் இருக்கும்போது மூன்று இறங்கி 33க்கு வந்து என்ன பிரயோஜனம்? டிசம்பர், ஜனவரியில் ஃபேனே போதும். மார்ச்சில் இருந்து அது துணைக்கு மட்டும்தான்.

இந்த அளவு டேங்குக்கு 1/10 ஹெச்பி போதும் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு வெளிச்சூடு மிதமாக இருக்கும் ஊருக்கானது. நான் 1/4 ஹெச்பி எடுத்தேன், 40,000 ரூபாயை ஒட்டி ஆனது. 26ல் வைத்திருக்கிறேன், கத்திரி வெயிலிலும் 27ஐத் தாண்டவில்லை. சின்னதை வாங்கியிருந்தால் மதியம் முழுக்க நிற்காமல் ஓடியிருக்கும், பெரியது ஓடி நின்று ஓடி நிற்கிறது. இதில் எனக்கு முழுத் திருப்தி.

குறை இல்லாமல் இல்லை. சத்தம் பழைய ஃப்ரிட்ஜ் அளவுக்கு வருகிறது, ஹாலில் படுப்பவர்களுக்குத் தொந்தரவு. தண்ணியில் இருந்து எடுத்த சூட்டை அறையில்தான் கக்கும், ஆகவே அதை டேங்க் ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டிலேயே திணறும். ஜன்னல் ஓரமாக, பின்பக்கம் காற்று போகிற மாதிரி வையுங்கள். தூசி வலையை நம் ஊர்ப் புழுதிக்கு மாதம் ஒரு தடவையாவது தட்ட வேண்டும். பெரிய குறை சர்வீஸ். வாங்கும்போது வாரண்டி என்றார்கள். பில் போட்ட பிறகு கேட்டால், பழுதானால் நம் செலவில் வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமாம், திரும்பி வரும் வரை மீன் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வாங்குவதற்கு முன்னால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காட்பாடியில் ஒரு ஏசி மெக்கானிக் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்துப் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்றார். “காப்பர் காயில் போட்டு முடிச்சிடலாம் சார்” என்றார். கெட்டிக்காரர், நன்றாகவே செய்வார், ஆனால் உப்புத் தண்ணியில் செம்பு அரிக்கும், அரித்த செம்பு டேங்கில் இருக்கும் இறாலையும் நத்தையையும் தீர்த்துவிடும். டைட்டானியம் காயில் இல்லாத எதையும் மெரைன் டேங்கில் இணைக்காதீர்கள்.

கரண்ட் பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 300 வாட் சில்லர் மே மாதம் ஒரு நாளில் மொத்தமாக 10 மணி நேரம் ஓடினால் 3 யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு 180 யூனிட். பம்ப், லைட், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் தனி. ஏற்கெனவே ஏசி ஓடும் வீடாக இருந்தால் 500 யூனிட்டைத் தாண்டிப் போய்க் கட்டணப் பிரிவே மாறிவிடும், அதை மனதில் வைத்து இறங்குங்கள். கரண்ட் போனால் சாதாரண இன்வெர்ட்டரில் சில்லரைப் போடாதீர்கள், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பை அது தாங்காது. வேவ் மேக்கரை மட்டும் போடுங்கள், தண்ணி அசைந்துகொண்டிருந்தால் ஆக்சிஜன் இருக்கும், மீன் பிழைக்கும். சூடான தண்ணியில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் கோடையில் இது இன்னும் முக்கியம்.

லைட், மணல், ஸ்கிம்மர் எல்லாம் நடுத்தர விலையில் எடுத்தேன், ஒழுங்காக ஓடுகின்றன, தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

உயிர்கள் வாங்கச் சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனேன். அங்கே கேட்டால் எதையும் எடுத்துக் காட்டுவார்கள், அதனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி ஆகியவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. லைவ் ராக் (நுண்ணுயிர் வாழும் கடல் கல்) என்று விற்பதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். நான் செராமிக் கல் எடுத்தேன், பார்க்கக் கொஞ்சநாள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது, இப்போது ஊதாப் பூச்சு பிடித்து அழகாகிவிட்டது. மஷ்ரூம், ஜோவாந்திட் மாதிரி மென்மையான பவள வகைகளே முதல் டேங்குக்குத் தாராளம், அசைந்து அசைந்து விரியும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. ஜோவாந்திட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே போடாதீர்கள், சில வகைகளில் கடுமையான விஷம் இருக்கிறது.

மீனுக்கு ஒரு ஜோடி க்ளவுன் மட்டும். தொட்டியில் பிறந்த மீன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது, அதற்கு மேலும் கடலில் இருந்து பிடித்து வர வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் தீனி போட்டு, மீன் சாப்பிடுவதைக் காட்டிய பிறகுதான் பை கட்டினார், ஆக்சிஜன் நிரப்பி தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வேலூர் வந்து சேரும் வரை ஒரு குறையும் இல்லை. அந்தச் சேவைக்கு முழு மதிப்பெண். ஆனால் டேங்கில் மீனைக் கொல்லும் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பாக்டீரியா வளர்ந்து மறுபடி பூஜ்ஜியம் காட்டும் வரை கடைப் பக்கமே போகாதீர்கள். தண்ணி ஊற்றியதில் இருந்து அதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

மதிப்பெண் கேட்டால், ஆர்ஓ டிஐ யூனிட்டுக்கு ஐந்துக்கு நாலரை, கழிவுத் தண்ணிக்காக அரை குறைத்தேன். சில்லருக்கு நாலு, சர்வீஸ் இங்கேயே கிடைத்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் சில்லரை பிப்ரவரிக்குள் வாங்கி மாட்டிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள், இருந்தாலும் வந்து சேரப் பத்து நாள் ஆகும்.