சொல் வரிசைப் பயிற்சி: கலைத்து அடுக்குவதா, அட்டவணையா, வாக்கியத்தை வளர்ப்பதா?

'கண்ணன் முருகனை அழைத்தான்' என்றாலும் 'முருகனைக் கண்ணன் அழைத்தான்' என்றாலும் அழைத்தவன் கண்ணன்தான். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' முருகனோடு ஒட்டியிருப்பதால், அவனை எங்கே நகர்த்தினாலும் குழப்பமில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. 'கண்ணன் கால்டு முருகன்' என்பதைத் திருப்பி வைத்தால் அழைத்தவனே மாறிவிடுகிறான். உருபு செய்யும் வேலையை அங்கே சொல்லின் இடம் செய்கிறது. அதனால் ஆங்கிலச் சொல் வரிசையைக் கற்பிக்கும் ஒரு பயிற்சியை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இடத்தை முடிவு செய்வது யார், மாணவரா, பயிற்சியை எழுதியவரா?

மிகப் பழக்கமானது கலைந்த சொற்களை அடுக்குவது. பள்ளி வினாத்தாளில் வருகிறது; டூலிங்கோ போன்ற செயலிகளிலும் சொற்களைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்துகிறோம். தொடக்க நிலையினருக்கு இது நல்லது. சொற்களைக் காகிதத் துண்டுகளில் எழுதி மேசைமேல் நகர்த்தச் சொன்னால் சிறுவர்கள் சலிக்காமல் செய்வார்கள். ஆனால் வேண்டிய சொற்கள் எல்லாம் முன்பே கையில் இருக்கின்றன. பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் முதலில், முற்றுப்புள்ளி உள்ள சொல் கடைசியில் என்று ஊகித்தே பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம். இன்னொரு அநியாயமும் நடக்கிறது. 'ஷி வாக்ஸ் டு ஸ்கூல் எவ்ரி டே' என்பது விடைக்குறிப்பு. ஒரு குழந்தை 'எவ்ரி டே ஷி வாக்ஸ் டு ஸ்கூல்' என்று எழுதுகிறது. அதுவும் சரியான ஆங்கிலமே. குறிப்பில் இல்லை என்பதற்காக அதை அடித்துவிட்டால், சரியாக எழுதிய குழந்தை தன்னையே சந்தேகிக்கத் தொடங்கும்.

அடுத்தது மாற்றுச்சொல் அட்டவணை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹரால்டு பால்மர் போன்ற ஆசிரியர்கள் வளர்த்த முறை இது. எழுவாய்க்கு ஒரு நெடுவரிசை, வினைக்கு ஒன்று, செயப்படுபொருளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துச் சேர்த்தால் ஒரு வாக்கியம். நெடுவரிசைக்கு ஐந்து சொல் வைத்தால் 125 வாக்கியங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் வீட்டில் படிப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. தவறு செய்ய இடமே இல்லை. அதுவே இதன் குறையும்கூட. வினை எங்கே வரும் என்று அட்டவணை தீர்மானித்துவிட்டது. வாய் பழகும், ஆனால் அட்டவணையை மூடிய பிறகும் அந்த வரிசை நிற்கும் என்று சொல்ல முடியாது.

நான் பரிந்துரைப்பது மூன்றாவதை: சின்ன வாக்கியம் ஒன்றை எடுத்துக் கேள்வி கேட்டு வளர்ப்பது. 'கண்ணன் கால்ஸ் முருகன்.' எப்போதும் அழைப்பானா? 'ஆல்வேஸ்' எங்கே போகும்? வினைக்குப் பின்னால் வைத்துப் பார்த்து, இடறி, முன்னால் கொண்டுவரும்போதுதான் அந்த இடம் மனத்தில் பதிகிறது. எந்தக் கண்ணன்? 'நேற்று வந்த பையன்' என்று தமிழில் பெயரெச்சம் முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று பையன் முதலில் வந்துவிடுகிறான். 'மேசைமேல்' என்பதும் அப்படித்தான் திரும்புகிறது: 'ஆன் தி டேபிள்'. நம் வாக்கியம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகிறது. இதைத் தானே கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

உண்மையான சிக்கல் இருக்கும் இடத்துக்கும் இந்த முறைதான் கொண்டுபோகிறது. 'வேர் இஸ் ஹி?' என்று கேட்கக் கற்றவர்கள், பட்டம் பெற்ற பிறகும் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்றே எழுதுகிறார்கள். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்ததும் 'வேர் ஹி இஸ்' என்று வரிசை பழையபடி நேராகிவிட வேண்டும். எளிய அட்டவணையில் இந்தத் திருப்பத்துக்கே இடமில்லை.

செலவு உண்டு. திருத்திச் சொல்ல ஒருவர் அருகில் வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் வாக்கியத்தையும் வளர்க்க ஓர் ஆசிரியரால் இயலாது. அங்கே மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைக்கலாம். ஒருவர் 'வேர் இஸ் மை பேக்?' என்று கேட்கட்டும். மற்றவர் 'ஐ நோ' என்று தொடங்கி, 'மை' என்பதை மட்டும் 'யுவர்' ஆக்கி, அதே சொற்களால் வாக்கியத்தை முடிக்கட்டும். பிறகு கேட்பவரும் சொல்பவரும் மாறிக்கொள்ளலாம்.