தெருவை யார் வளைக்கிறார்கள்? ஆன்லைன் வில்லங்கச் சான்று, ஒரு மதிப்பீடு

புல்டோசர் வந்து நின்ற பிறகு விசாரித்துப் பயனில்லை. மனைகள் கைமாறத் தொடங்கும்போதே அதைக் காட்டிக்கொடுப்பது தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தின் வில்லங்கச் சான்று தேடல். ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்ற ஆவணங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. வீடு வாங்குவோருக்கான சேவைதான். ஆனால் குடியிருப்போர் சங்கம் கையில் எடுத்தால் அதன் பலமே வேறு. பார்வையிடக் கட்டணமில்லை என்பதால் தெரு முழுவதற்கும் தேடலாம்.

சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, தேதி ஆகியவற்றைக் கொடுத்து, கடைசி 10 ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள். முதலில் 'எழுதி வாங்கியவர்' பத்தியைப் பாருங்கள். ஒரே பெயர் நாலைந்து மனைகளில் வந்தால் யாரோ நிலம் சேர்க்கிறார்கள். அடுத்து ஆவணத்தின் தன்மை. கிரைய ஒப்பந்தமும் பொது அதிகார ஆவணமும் (சொத்தை விற்கும் அதிகாரத்தை வேறொருவருக்குக் கொடுப்பது) சில மாதங்களுக்குள் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தால், கிரையம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தைக் கூட்டிப் பேசிவிட வேண்டும். கைமாற்றுத் தொகையை மட்டும் உண்மை விலை என்று நம்பாதீர்கள். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதுவோர் பலர்.

'வில்லங்கம் ஏதும் இல்லை' என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். சர்வே எண் 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருக்கலாம். நகர நில அளவையில் எண்ணே மாறியிருக்கலாம். கிராமம் வேறு சார்பதிவாளர் எல்லைக்குப் போயிருக்கலாம். பழைய எண், புதிய எண், இரண்டு அலுவலகங்கள் என எல்லாவற்றிலும் தேடினால்தான் படம் முழுமையாகும்.

பெரிய குறை, பதிவாகாதது எதுவும் இதில் வராது என்பது. டோக்கன் அட்வான்ஸ், பதியாத ஒப்பந்தம், வாய்ப்பேச்சு எல்லாம் வீடு வீடாகப் போய்ப் பேசினால்தான் தெரியும். புறம்போக்கில் குடியிருப்போருக்கும் இந்தச் சேவை அநேகமாக உதவாது. அவர்கள் பார்க்க வேண்டியது வருவாய்த்துறையின் அ-பதிவேடு. நகரமானால் நகர நில அளவைப் பதிவேடு. நிலத்தின் வகைப்பாடு அங்கேதான் இருக்கிறது. நீர்நிலை என்று இருந்தால் பட்டா கேட்பது மிகக் கடினம். மாற்று இடத்துக்கான கோரிக்கையை அப்போதே தொடங்குவது நல்லது.

விற்றவர்களின் பெயரைத் தெருவில் ஒட்டாதீர்கள். கடனுக்காக விற்றவர் அவமானப்பட்டால் அடுத்த வீட்டுக்காரரும் வாயைத் திறக்கமாட்டார். எத்தனை மனை, எந்த மாதம் என்பது போதும். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போவதானால், திரையில் பார்த்த நகல் போதாது. கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள்.