கொளத்தூர் மீன் கடைகளில் எக்ஸ்சேஞ்ச்: எது போகும், எது போகாது

சென்னையில் வளர்ப்பு மீனைக் கைமாற்ற வேண்டுமென்றால் கொளத்தூர்தான் வசதி. கடைகள், பண்ணைகள், ஹோல்சேல்காரர்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், ஒரு கடையில் வேண்டாம் என்றதை நாலு கடை தள்ளி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கையில் காசு கிடைக்கும் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலும் தீனி, செடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச், இல்லாவிட்டால் வேறு மீன். கடை விற்கும் விலையில் கால்வாசி கணக்குப் போட்டாலே நல்ல பேரம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: வந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குள் செத்தால் நஷ்டம் அவர்களுக்கு.

முட்டையிட்டுப் பழகிய ஏஞ்சல் ஜோடி கேட்டவுடன் போகும். ஜோடி என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள்; முட்டையோடு எடுத்த வீடியோ செல்போனில் இருந்தால் பேச்சே வேறு. தலையில் கொண்டை எழும்பிய ஆண் பிளவர்ஹார்னுக்கும் மதிப்பு உண்டு. கப்பி, மோலி குட்டிகளையும் எடுப்பார்கள், ஆனால் பல நேரம் அரோவானா போன்ற பெரிய மீனுக்குத் தீனியாக. அதில் சங்கடம் என்றால் "தீனிக்கா, விக்கிறதுக்காண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சக்கர் மீன் என்றால் எல்லாக் கடையிலும் கையை விரித்துவிடுவார்கள். டேங்க் கிளீனர் என்று இரண்டு அங்குலத்தில் விற்கப்படுவது ஒன்றரை அடி வரை வளரும். தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். ஷார்க் என்ற பெயரில் வரும் பங்காசியஸ் மூன்று அடியைத் தாண்டும். ரெட் டெயில் கேட்ஃபிஷ், பாக்கு மீன் இரண்டும் இதே ரகம்தான். நாலடித் தொட்டியில் எதற்கும் இடமில்லை. பெரிய மீன் வளர்ப்பவர்கள் யாரென்று பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும், அவர்கள் மூலம் விசாரிப்பதுதான் வழி. ஏரியில் விடுவது கூடவே கூடாது. தமிழ்நாட்டு ஏரிகளில் சக்கர் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அதன் முள் வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், பிடித்தாலும் விலை போகாது.

மீனைக் கொண்டுபோகும் விதத்தில்தான் பாதி பேரம் கெடுகிறது. சின்ன மீனுக்கு ஒரு நாள், ஆஸ்கர் போன்ற பெரிய மீனுக்கு இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் கவரிலேயே கழித்து அமோனியாவை ஏற்றும். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர் போட்டு நடுவில் நியூஸ்பேப்பர் சுற்றி, மூலைகளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் குட்டிகள் இடுக்கில் சிக்காது. சக்கர் மீனை வலையில் பிடிக்காதீர்கள், முள் மாட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாது. டப்பாவில் மொண்டு மூடி போட்ட வாளியில் கொண்டுபோங்கள். வெயிலில் பைக்கில் போகிறவர்களுக்குத் தெர்மாகோல் பெட்டி கட்டாயம். தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் தங்காது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் யாருக்கும் உங்கள் மீனை நிதானமாகப் பார்க்க நேரமிருக்காது, அடிமாட்டு விலைதான் சொல்வார்கள். வார நாள் காலையில், முந்தின நாளே படம் அனுப்பிவிட்டுப் போவது நல்லது. செதிலில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருந்தால் வீட்டிலேயே குணப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். பார்த்தவுடன் திருப்பி அனுப்பினால் அந்தக் கடைக்காரர் ஒழுங்கானவர் என்று அர்த்தம். அதேபோல், வந்த மீனை நேராக விற்பனைத் தொட்டியில் கொட்டுகிற கடையில் பதிலுக்கு மீன் வாங்காதீர்கள், தீனியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு மீனாக வாங்கினால் தண்ணீரைக் கவனியுங்கள். கடைகளில் பெரும்பாலும் போர் தண்ணீர், உங்கள் வீட்டில் ஆர்.ஓ. என்றால் வித்தியாசம் பெரிது. பயணம் இரண்டு மூன்று மணி நேரமென்றால், கவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்காதீர்கள். திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி தண்ணீரின் பி.ஹெச். (அமில-கார அளவு) ஏறும், சேர்ந்திருக்கும் அமோனியா அப்போதுதான் விஷமாகும். அதைவிட, தனித் தொட்டியில் பாதி போர் தண்ணீர் கலந்து தயாராக வைத்து, மூடிய கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் சாக்கடைக்கு. பிறகு இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றிக்கொள்ளலாம்.