கெஜி ஹுய்பியன்: பழைய சீன அறிவியல் இதழ், ஸ்கேன் பிரதியில் படித்தது

மிஷனரிகள் வழியாக சீனாவில் அச்சானதெல்லாம் மதப் பிரசாரம்தான் என்று நினைப்பவர்கள் இந்த இதழைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1876-ல் ஷாங்காயில் தொடங்கி, நடுவில் இரண்டு முறை நின்று, 1892 வரை வந்தது. நடத்தியவர் ஜான் ஃபிரையர், 1861-ல் ஹாங்காங் மிஷன் பள்ளிக்குப் பாடம் நடத்த வந்த ஆங்கிலேயர், அப்புறம் ஜியாங்னான் ஆயுதத் தொழிற்சாலையில் அரசுச் சம்பளத்துக்கு அறிவியல் நூல்களை மொழிபெயர்த்தவர். இதழில் பிரசங்கம் கிடையாது. இயந்திரங்கள், வேதியியல், அப்புறம் வாசகர் கேள்வி-பதில்.

அந்தக் கேள்வி-பதில்தான் இதன் உயிர். சொன்னதை அப்படியே கேட்டுக்கொள்கிற கூட்டமில்லை இவர்கள், சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்டார்கள்.

1880-ல் வந்த, சீன அறிஞர் சூ ஷோவின் கட்டுரையைப் பாருங்கள். இரு முனையும் திறந்த குழாயைச் சரிபாதியாக வெட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும் என்பது புத்தகப் பாடம். இவர் ஒன்பது அங்குலக் குழாயை எடுத்து வெட்டிப் பார்க்கிறார், நாலரை அங்குலத்தில் சுரம் சேரவில்லை, நாலு அங்குலத்துக்குக் குறைத்த பிறகுதான் சேர்கிறது. குழாய்க்கு வெளியேயும் காற்று கொஞ்ச தூரம் சேர்ந்து அதிர்வதுதான் காரணம். ஃபிரையர் இதை இங்கிலாந்துக்கு எழுதி அனுப்ப, 1881-ல் அங்குள்ள 'நேச்சர்' அறிவியல் இதழ் வெளியிட்டு, சூ ஷோ சொன்னது சரி என்றும் ஒப்புக்கொண்டது! படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இவர் திடீரென்று முளைத்தவரும் இல்லை. லண்டன் மிஷன் மருத்துவர் பெஞ்சமின் ஹாப்சன் சீன மொழியில் எழுதிய அறிவியல் நூல் 1855-ல் வந்தது, அதைப் படித்துவிட்டு 1862-ல் நண்பர் ஹுவா ஹெங்ஃபாங்கோடு சேர்ந்து ஓடக்கூடிய ஒரு சிறிய நீராவி இயந்திரத்தையே செய்தவர் சூ ஷோ. அச்சடித்துக் கொடுத்தது மிஷன் என்றாலும், அதைப் பட்டறைக்குக் கொண்டுபோன பெருமை இந்த மாதிரி வாசகர்களுக்குத்தான் என்பது என் கருத்து.

குறை என்று சொன்னால், இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்குகிற அளவுக்கு அதன் பின்னால் உள்ள கணக்கை விளக்குவதில்லை. நான் பார்த்த ஸ்கேனும் சுமார்தான், சில படங்களில் கோடுகள் அழிந்துபோயிருக்கின்றன. சீனம் தெரியாவிட்டாலும் படங்களுக்காகவே பார்க்கலாம். முதல் இதழிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம், நேராக 1880-க்குப் போங்கள்.