பங்கைக் கேட்டது போட்ஸ்வானா, ஆலையைக் கேட்டது இந்தோனேசியா

மண்ணுக்கடியில் கனிமம் இருக்கிறது, தோண்டி எடுக்கப் பணமும் நுட்பமும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வருகிறவர்களிடம் என்ன கேட்பது என்பதில் இந்த இரண்டு நாடுகளும் எதிரெதிர் வழியில் போயின.

ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள போட்ஸ்வானாவில் வைரம் கிடைத்தது 1967-ல், விடுதலைக்கு அடுத்த ஆண்டு. வைரத்தைத் தோண்டி விற்கும் பன்னாட்டு நிறுவனமான டி பியர்ஸை அரசு விரட்டவில்லை, விடாமல் பேரம் பேசியது. டெப்ஸ்வானா என்ற கூட்டு நிறுவனத்தில் பாதி அரசுக்கு வந்தது. டி பியர்ஸிலேயே 15 சதவீதமும் வந்தது. டி பியர்ஸ் லண்டனில் நடத்திய வைர விற்பனை 2013-ல் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனுக்கு இடம் மாறியது. வருமானத்தில் ஒரு பகுதியை 1994 முதல் பூலா நிதி என்ற அரசுச் சேமிப்பு நிதியில் சேர்த்தார்கள். கனிமப் பணத்தை இவ்வளவு பொறுப்பாகக் கையாண்ட நாடுகள் மிகக் குறைவு.

சரி, வேலை? அங்கேதான் இடிக்கிறது. சுரங்கத்தில் இயந்திரங்களே பெரும்பாலும் உழைக்கின்றன. பட்டை தீட்டும் வேலையில் பெரும்பகுதி சூரத்தில் நடக்கிறது. வைரத்தைத் தாண்டிய தொழிலாக ஹூண்டாய் கார்களைப் பொருத்தும் ஆலை ஒன்று வந்தது. தென்னாப்பிரிக்கச் சந்தையை நம்பி நடந்த அது 2000-ல் மூடப்பட்டது. இன்றும் ஏற்றுமதியில் பெரும்பங்கு வைரம்தான். ஆய்வகத்தில் செய்யும் வைரம் பெருகி, இயற்கை வைரத்துக்குக் கிராக்கி குறைந்ததில் 2024-ல் பொருளாதாரமே சுருங்கியது. விடுதலை முதல் ஆண்ட கட்சி அதே ஆண்டுத் தேர்தலில் தோற்றது.

இந்தோனேசியாவின் கனிமம் எஃகுக்கும் பேட்டரிக்கும் பயன்படும் நிக்கல். அந்தத் தாதுவின் ஏற்றுமதியை 2014-ல் தடுத்தது, 2017-ல் தளர்த்தியது, 2020-ல் முழுவதுமாக நிறுத்தியது. தாது வேண்டுமானால் இங்கே வந்து உருக்கு என்பதே நிபந்தனை. சீன நிறுவனங்கள் அந்நாட்டின் மொரோவாலி, வேடா பே ஆகிய இடங்களில் உருக்காலைகளைக் கட்டின. உலக வர்த்தக அமைப்பு 2022-ல் எதிராகத் தீர்ப்பளித்தும் தடை நீங்கவில்லை. உலக நிக்கல் உற்பத்தியில் பாதிக்குமேல் கையில் இருக்கும்போது அந்தத் துணிச்சல் வரும். 2024-ல் ஜாவா தீவின் கராவாங்கில் ஹூண்டாயும் எல்ஜியும் பேட்டரி ஆலை திறந்தன. உள்ளூரிலேயே 28 கோடி மக்கள் இருப்பது அதற்குப் பெரிய பலம்.

இதற்குக் கொடுத்த விலை அதிகம். உருக்காலைகள் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன. வரிச்சலுகை தாராளம், லாபத்தில் பெரும்பகுதி முதலீட்டாளர்களோடு போய்விடுகிறது. 2023 டிசம்பரில் மொரோவாலி ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, நிக்கல் தேவைப்படாத பேட்டரிகள் சந்தையில் பெருகிவருகின்றன.

அரசின் கையில் பணம் சேர்வதே நோக்கம் என்றால் போட்ஸ்வானா வழி சிறந்தது. ஆலையும் தொழிலும் வேகமாக வரவேண்டும் என்றால் இந்தோனேசியா வழி. ஆனால் தாதுவிலிருந்து உலோகத்துக்கு ஏறினாலும் அந்த ஆலைகள் அதே ஒரு கனிமத்தின் விலையைத்தான் நம்பியிருக்கின்றன. இதைப் பன்முகப் பொருளாதாரம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஜிம்பாப்வேயும் 2022-ல், பேட்டரிக்கு வேண்டிய லித்தியத் தாதுவின் ஏற்றுமதியைத் தடுத்தது. உலக லித்தியத்தில் அதன் பங்கு இந்தோனேசியாவின் நிக்கல் பங்கைப்போல் பெரியதல்ல, உள்நாட்டுச் சந்தையும் சிறியது. தடையை மட்டும் நம்பாமல், வரும் ஆலைகளில் அரசு முதலிலேயே பங்கு கேட்டு உட்காரவேண்டும்.