நெல்லு வெட்டின வயல்ல புல்லுக்கு மருந்து: நொசில் மாத்தி சில போகம் பாவிச்ச அனுபவம்

இலங்கையில வெலிமடை பக்கம் நெல்லு வெட்டினதும் அதே வயல்ல கிழங்கு போடுறது வழக்கம் தானே, இடையில அந்தத் தாளுக்குள்ள (வெட்டினப்புறம் நிக்கிற நெல்லுத் தண்டு) வர்ற புல்லுக்குத் தான் மருந்து. கையால அடிக்கிற 16 லீட்டர் டேங்க் தான் நம்மகிட்ட, அதோட வந்த கோன் நொசிலை (மருந்தைக் கூம்பு மாதிரி தெளிக்கிற முனை) கழட்டிட்டு, விசிறி மாதிரி தட்டையா அடிக்கிற பிளாட் ஃபேன் ஒன்னும், பிரஷரை 1.5 பார்ல நிறுத்துற வால்வும் பூட்டி சில போகமா பாவிக்கிறேன்.

கோன் நொசில் மோசமில்ல. கிழங்குக்கு பங்கசு மருந்து அடிக்க, இலையெல்லாம் நனைய, அது தான் வேணும். புல்லு மருந்துக்கு அது சரிவராது, பொகை மாதிரி பறக்கும். 150 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒன்னு) கீழ போற துளி நிலத்துல விழுறதுக்கு முந்தி காத்தோட போயிரும், கை வேகமா பம்ப் பண்ண பண்ண துளி இன்னும் பொடியாகும். வால்வு போட்டா எவ்வளவு அடிச்சாலும் பிரஷர் ஒரே மாதிரி நிக்குது, எனக்கு நொசிலை விட இது தான் பெரிய லாபம். காத்து இழுக்குற நொசிலும் வாங்கிப் பாத்தேன், துளி நல்லா பெருசு, ஆனா அதுக்கு பெரும்பாலும் 2 பாருக்கு மேல வேணும், கை டேங்க்ல விசிறி சுருங்கிப் போகுது, பேட்டரி டேங்க் வச்சிருக்கவங்க வாங்கலாம்.

இப்ப குறை. பெரிய துளி நிக்கிற தாள்ல பட்டு அங்கயே தங்கிருது, அடியில உள்ள சின்னப் புல்லு தப்பிக்குது. அதனால தாளை தரையோட ஒட்டி வெட்டச் சொல்றேன், வைக்கோலை வாரி ஓரத்துல போட்டுட்டு மருந்து வேலை முடிஞ்சப்புறம் திருப்பிப் பரப்புறேன், மெதுவா நடக்கணும். கிளைபோசேட் உள்ள இறங்கி வேர் வரைக்கும் போற மருந்து, இலையில கொஞ்சம் பட்டாலும் வேலை செய்யும், பட்ட இடத்தை மட்டும் கருக்குற மருந்துன்னா தண்ணி கூட்டித் தான் ஆகணும். (2015ல நாட்டுல கிளைபோசேட் தடை வந்தப்ப மண்வெட்டி தான், 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் விட்டாங்க, மத்தவங்களுக்கு 2022 வரைக்கும் இழுத்துச்சு.) ஒன்னு, வாய்க்கால் தண்ணி கலங்கலா இருந்தா கலக்காதீங்க, கிளைபோசேட் களிமண்ணுல ஒட்டிக்கிட்டு செத்துப் போகும், புல்லு அப்பிடியே நிக்கும்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஊவா காத்து எப்பிடின்னு தெரியும், அப்ப யாரும் அடிக்க மாட்டாங்க. எல்லாரும் ஏமாறுறது காத்தே இல்லாத விடியக்காலைல தான். பள்ளத்துல குளிர் காத்து தங்கி மேல சூடு மூடி நிக்கிறப்ப பொடித்துளி கீழ விழாம மிதந்து எங்கயோ போய் இறங்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அடுப்புப் பொகை மேல போகாம கூரை மட்டத்துல படுத்துக் கிடந்தா டேங்க்கைத் தூக்க மாட்டேன், வெயில் ஏறி இலை லேசா ஆடட்டும். கீழ தட்டுல போஞ்சியோ தக்காளியோ இருந்தா நெல்லுக்கு அடிக்கிற எம்சிபிஏங்கிற களை மருந்து கொஞ்சம் பட்டாலே போதும், இலை சுருண்டு கிண்ணம் மாதிரி ஆயிரும், அப்புறம் பக்கத்து வயல்காரர் முகத்துல முழிக்க முடியாது.

நொசில் தேய்மானத்தையும் பாருங்க, ஒரு நிமிசம் ஜக்குல பிடிச்சு புதுசோட ஒப்பிட்டு பத்துல ஒரு பங்கு கூட வந்தா மாத்திருங்க. அடைச்சா வாயால ஊதாதீங்க, பழைய டூத் பிரஷ் போதும். வரப்போரத்துக்கு மட்டும் இன்னும் கத்தி தான்.