1978ஆம் ஆண்டு செஸ்னா: விற்காமல் புதுப்பித்தோம், 290 மணி நேரம் பறந்தோம்

எங்கள் விமானம் 1978இல் செய்த செஸ்னா 172என். நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லாரித் தொழில் செய்பவன். மற்ற மூவரில் ஒருவர் டாக்டர், ஒருவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் ஈப்போவில் இரும்புக்கடை வைத்திருக்கும் சீன நண்பர். விமானம் நிற்பது ஈப்போ விமான நிலையத்தில். வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 2012இல் என் பங்கை வாங்கினேன். 2021இல் அதை விற்பதா, செலவு செய்து புதுப்பிப்பதா என்ற கேள்வி வந்தது. புதுப்பித்தோம். அதன் பிறகு 290 மணி நேரம் பறந்துவிட்டோம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு எங்கள் கணக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விஷயம் ஆயில் ஃபில்டரில்தான் தொடங்கியது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது வழக்கம். எங்கள் விமானத்தைப் பராமரிக்கும் லைசென்ஸ் பெற்ற எஞ்சினியரை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அன்று அவர் ஃபில்டருக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணிமேல் விரித்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது மடிப்புகளின் இடுக்கில் மினுமினுவென்று ஏதோ தெரிந்தது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன்மேல் மெல்ல நகர்த்தினார். துகள்கள் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டன.

"இரும்பு, தம்பி" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

இந்த வகை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் உடனே புரிந்திருக்கும். 172என் ரகத்தில் இருப்பது லைகோமிங் ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத்திறன். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டும் டாப்பட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று ஆரம்பத்திலிருந்தே பெயர் வாங்கிய எஞ்சின். அதற்காகவே எண்ணெயில் ஒரு சேர்மானம் கட்டாயம் கலக்க வேண்டும் என்ற உத்தரவு 1980லேயே வந்துவிட்டது. அதோடு, லைகோமிங்கில் கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகு அதன்மேல் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து இறங்கிவிடும். அடிக்கடி ஓட்டினால் கவலையில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் விமானம் அசையவே இல்லை. பேராக்கின் ஈரக்காற்றில் எண்ணெய் வடிந்த இரும்பு என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அண்ணன் டாப்பட்டுகளை வெளியே எடுத்துக் காட்டினார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள்.

எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். அப்படியே விமானிக்கு முன்னால் இருக்கும் பலகையிலுள்ள கருவிகளும் பழசு, சீட்டும் பழசு, பெயின்டும் போய்விட்டது. அப்போதுதான் நால்வரும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசினோம். விற்க வேண்டும் என்பதில் சார் (தலைமையாசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) உறுதியாக இருந்தார். "செம்பனைக்கு 25 வயசு ஆனாலே தோட்டத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்கள். 43 வயசு விமானத்துக்கு இன்னும் உரம் போடுவதா?" என்றார். நல்ல கேள்வி. இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

செம்பனையை வெட்டுவது அது உயர்ந்துவிடுவதாலும் காய்ப்பு குறைவதாலும். குலைக்கு அரிவாள் எட்டாது. விமானத்தின் உடம்புக்கு வயது அப்படி ஏறுவதில்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை தரையில் மோதி இறங்கியது, உள்ளே எவ்வளவு ஈரம் தங்கியது, இவைதான் அதன் வயது. அதனால் ஒரு காசு முடிவு செய்வதற்கு முன்னால் உடம்பைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றேன். டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பேச்சு எப்போதும் திரைகளைப் பற்றியே போகும்: எந்த ஜிபிஎஸ், எந்த ரேடியோ, எத்தனை அங்குலம். அதெல்லாம் கழற்றி மாட்டக்கூடிய பொருள். இறக்கையின் உள்ளே இருக்கும் முதுகெலும்பு போன்ற ஸ்பாரில் அரிப்பு விழுந்திருந்தால் பலகையில் தங்கமே பதித்தாலும் பயனில்லை. அந்தக் காலத்தில் செஸ்னா இந்த விமானங்களின் உட்புற அலுமினியத்துக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு எல்லாவற்றுக்கும் அடிக்கவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் கூடுதல் விலைக்கு அடித்துக் கொடுத்தார்கள். எங்களுடையதில் அது இருக்கிறதா என்று எந்தத் தாளிலும் தெரியவில்லை.

நான்கு நாள் பிடித்தது. சீட், தரைவிரிப்பு, உட்புற அட்டைகள், இறக்கைக்குக் கீழே இருக்கும் வட்ட மூடிகள் எல்லாவற்றையும் கழற்றினோம். நான் டார்ச் பிடித்தேன். அண்ணன் சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி ஒவ்வொரு இடுக்காகக் காட்டிக்கொண்டே போனார். இறக்கையின் உட்புறத்தில் மூடியைத் திறந்ததும் தெரிந்தது மங்கலான பச்சைமஞ்சள் நிறம். பூச்சு இருக்கிறது. 1978இல் யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தக் கூடுதல் காசைக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். கதவோரம் மழைநீர் இறங்கும் இடத்தில் தரைக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஒரு தகட்டை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. சீட் ஓடும் தண்டவாளத்தில் இரண்டு ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. இது சின்ன விஷயம் இல்லை. பழைய செஸ்னாக்களில் மேலெழும்பும் நேரத்தில் பூட்டு நழுவி, சீட் பின்னால் ஓடி, விமானி பிடித்திருந்த கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் சேர்த்து இழுத்து விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கச் சொல்லும் கட்டாய உத்தரவு இருக்கிறது. தண்டவாளத்தை மாற்றினோம். மற்றபடி உடம்பு சுத்தம். ஸ்பார் சுத்தம். அன்று மாலையே சார் மனம் மாறிவிட்டார்.

உடம்பு சரி என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எங்கே போகிறோம், எத்தனை பேர் போகிறோம். பறப்புக் குறிப்பேட்டைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். லங்காவி, பினாங்கு, கோத்தா பாரு. பாதிக்கு மேல் இரண்டு பேர், கால்வாசி மூன்று பேர். கோத்தா பாருதான் எங்களுக்குச் சோதனை. தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும். கொர்பு சிகரம் மட்டுமே 2,183 மீட்டர், 7,000 அடிக்கு மேல். ஈப்போவில் வெப்பம் 33 பாகை இருக்கும்போது காற்று மெலிந்துபோய், விமானம் தரையில் நிற்கும்போதே 2,000 அடிக்கு மேல் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். மூன்று பேரோடு 160 குதிரைத்திறனில் 9,500 அடி ஏறுவதற்குள் கிந்தா பள்ளத்தாக்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவோம். அதற்குள் மலைமேல் மதிய மேகம் கட்டத் தொடங்கிவிடும். பல முறை திரும்பி வந்திருக்கிறோம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். உச்ச எடை 2,300 பவுண்டு, அதாவது 1,043 கிலோ. எங்கள் விமானத்தின் வெற்று எடை 658 கிலோ. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 151 லிட்டர், கிட்டத்தட்ட 109 கிலோ. மீதி 276 கிலோதான் ஆட்களுக்கும் பைகளுக்கும். நான்கு சீட் இருக்கிறதே தவிர, டேங்கை நிரப்பினால் நான்கு பெரியவர்கள் ஏற முடியாது.

வேறு வாங்குவதையும் நேர்மையாகவே பார்த்தோம். புதிய செஸ்னா 172எஸ் 4 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். எங்கள் நால்வருக்கும் எட்டாது. பழைய 172எஸ் வாங்கலாம், 180 குதிரைத்திறன், உள்ளே பூச்சு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் எங்கள் பணத்துக்குக் கிடைத்தவை பயிற்சிப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்தவை. ரோட்டக்ஸ் எஞ்சின் வைத்த இரண்டு சீட் விமானங்கள் பெட்ரோல் நிலைய எரிபொருளிலேயே ஓடும்; மூன்றாமவர் எங்கே உட்காருவார்? டயமண்ட் டிஏ40 என்ஜி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டீசல் வகை எஞ்சின், பெரிய விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளே போதும், உடம்பு இழைக்கலவை, அலுமினிய அரிப்புப் பேச்சே இல்லை. எங்கள் எஞ்சினுக்கு ஊற்றும் விமானப் பெட்ரோலான ஆவ்கேஸ் கிடைக்காத இடத்தில் நான் குடியிருந்தால் கடன் வாங்கியாவது அதைத்தான் வாங்கியிருப்பேன்.

கடைசியில் செய்தது இதுதான். பழைய எஞ்சினை அதே ரகத்தில் பிரித்துச் சேர்க்காமல், 180 குதிரைத்திறன் ஓ-360 எஞ்சினுக்கு மாறினோம். 172என் விமானத்துக்கு அதற்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத் திட்டம் இருக்கிறது. இறங்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் கீழே சாயும் ஃபிளாப்பை 40 பாகையிலிருந்து 30க்குக் குறைத்துக்கொண்டால் உச்ச எடை 2,550 பவுண்டாக உயரும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய எச்2ஏடியில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டுக்குள், ஒரே அச்சில் ஓடும். அந்த அச்சு போனால் இரண்டும் போச்சு. காட்டுக்கு மேல் பறக்கும்போது அது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. புதியதில் இரண்டும் தனித்தனி.

பலகையில் வேக்குவம் பம்பையும், அதை நம்பிச் சுழன்று விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டிய ஜைரோக்களையும் எடுத்துவிட்டு, இரண்டு கார்மின் ஜி5 மின்னணுத் திரைகள் வைத்தோம். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கத்தும் பழைய அவசர அறிவிப்புக் கருவியை 406 மெகாஹெர்ட்ஸ் கருவியாக மாற்றினோம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் பழைய அலைவரிசையைக் கேட்பதே இல்லை. தித்திவாங்சா காட்டுக்குள் இறங்கிவிட்டால், பழைய கருவியின் சத்தம் எந்தச் செயற்கைக்கோளின் காதிலும் விழாது; மேலே பறக்கும் விமானம் ஏதாவது அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் உண்டு. பட்டியலில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆறு மாதம் என்று நினைத்தது பதினொரு மாதம் ஆனது. எஞ்சின் கப்பலில் வரவும், தாள் வேலை முடியவும் நாள் பிடித்தது. மொத்தச் செலவு 2012இல் விமானத்தை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. நாளைக்கு விற்றால் போட்டதில் பாதிகூடத் திரும்பாது. அதை முதல் நாளே நான்கு பேரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்தோம். அதனால் பின்னால் மனக்கசப்பு வரவில்லை.

ஒரு தொல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மின்வேலை செய்த பட்டறையிலிருந்து வந்த மூன்றாவது பயணத்திலேயே மின்னழுத்த விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. தரையில் பார்த்தால் எல்லாம் சரி, காற்றில் குலுங்கினால் மட்டும் வரும். இரண்டு மாதம் ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் என்று சந்தேகப்பட்டு அலைந்தோம். ஒரு நாள் அண்ணன் பலகைக்குப் பின்னால் கையை விட்டு எர்த் கம்பிகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். ஒரு கம்பி வளையத்திலிருந்து வெண்ணெயில் கத்தி வந்ததுபோல் கையோடு வந்துவிட்டது. சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: வயரிங் முடிந்ததும் பலகையை மூடும் முன் நாங்களே ஒரு முறை எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிறோம்.

290 மணி நேரத்துக்குப் பிறகு என்ன சொல்கிறேன்? ஏற்றம் மாறிவிட்டது. மூன்று பேரோடு 5,000 அடியில் நிமிடத்துக்கு 350 அடி ஏறிக்கொண்டிருந்தது, இப்போது 550. கோத்தா பாருவுக்குப் போகும்போது பள்ளத்தாக்கில் சுற்றுவதில்லை. நேராகவே ஏறிக் கடக்கிறோம். வேகம் பெரிதாகக் கூடவில்லை, ஐந்தாறு நாட், அதாவது மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் இருக்கும். எரிபொருள்தான் விலை: மணிக்கு 30 லிட்டர் குடித்தது, இப்போது 37. டேங்க் அதே அளவு. ஐந்து மணி நேரம் பறந்த விமானம் நான்கு மணி நேரம்தான் பறக்கும். இதை நாங்கள் முன்கூட்டியே சரியாக யோசிக்கவில்லை. பீப்பாயில் ஆவ்கேஸ் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் அது உறைக்கிறது. 40 பாகை ஃபிளாப் போனதிலும் எனக்கு வருத்தம்தான். குறுகிய ஓடுதளத்தில் செங்குத்தாக இறங்க அது நல்ல துணை.

ஜி5 ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. உள்ளே தனி பேட்டரி இருப்பதால் விளக்குத் தொல்லை இருந்த நாட்களில்கூடத் திரை அணையவில்லை. ஃபில்டரை இப்போதும் ஒவ்வொரு முறையும் அறுக்கிறோம். இதுவரை காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு எஞ்சின் மட்டும் காரணமில்லை. வாரத்துக்கு ஒருவராவது ஒரு மணி நேரம், எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை பறந்தாக வேண்டும் என்று முறை போட்டிருக்கிறோம். தீபாவளி வாரத்திலும் யாராவது ஒருவர் போவார். சார்தான் பெரும்பாலும்.

யாராவது என்னிடம் கேட்டால் முதலில் அவர்களுடைய இறக்கை மூடியைத் திறக்கச் சொல்வேன். உள்ளே அரிப்பு ஸ்பாரைத் தொட்டிருந்தால் விட்டுவிடுங்கள், மனதைக் கல்லாக்கிக்கொண்டு விற்றுவிடுங்கள். மேகத்துக்குள் புகுந்து நீண்ட தூரம் போவதுதான் உங்கள் வேலை என்றால் அப்போதும் வேறு விமானம்தான் சரி. வருடத்துக்கு 30 மணி நேரம்கூடப் பறக்க மாட்டீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம், கிளப் விமானத்தை வாடகைக்கு எடுங்கள். எங்களைப்போல் பகலில், இரண்டு மூன்று பேரோடு, வாரம் தவறாமல் பறப்பவர்களாக இருந்து, உடம்பும் சுத்தமாக இருந்தால், இந்தப் பழைய 172ஐவிட உங்களுக்கு நெருக்கமாக இன்னொரு விமானம் அமையாது.

கதவு ரப்பர் மட்டும் இன்னும் சரியாகவில்லை. இரண்டு முறை மாற்றியும் பெருமழையில் இடப்பக்கத் தரைவிரிப்பு நனைகிறது. வெட்டி மாற்றிய அந்தத் தகடு அதற்கு நேர் கீழே இருக்கிறது. அடுத்த மாதம் வருடாந்திரச் சோதனை. முதலில் அந்த இடத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். டார்ச் பிடிக்க நானே போகிறேன்.